முப்பத்தொன்று காட்டிய தண்ணீர்

எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் லாரி வந்தால் டிரைவர் உடனே ஓஸைத் தொட்டிக்குள் விட்டுவிட முடியாது. அப்பா வர வேண்டும். சட்டைப் பையிலிருந்து டிடிஎஸ் பேனாவை எடுத்து, ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, அதற்குள் பேனாவை நட்டு, எண் நிற்கும்வரை கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அந்தப் பேனா சொல்லும். எண் சின்னதாக இருந்தால் "உடுங்க" என்பார். பெரிதாக இருந்தால், "ஏனுங்க, இதைய எங்க புடிச்சீங்க?" என்று ஆரம்பிப்பார். டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

அப்பா பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். உப்புத் தண்ணீரில் சாயம் சரியாக ஏறாது. அதனால் பட்டறையில் பேனா இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. துணிக்குப் போட்டால் சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடிக்கும். ஆகவே சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உப்பில்லாத தண்ணீர் நல்ல தண்ணீர், உப்புள்ள தண்ணீர் கெட்ட தண்ணீர். இதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

கல்லூரியின் கடைசி வருடத்தில் எங்களில் எட்டுப் பேரை ஒரு மேடம் சேவைப் பணிக்காக இலங்கைக்கு அழைத்துப் போனார். அங்கே மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளிகளின் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக இருக்கும். லயம் என்பார்கள். மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை. அந்த இரண்டுக்கும் குடிதண்ணீர் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. மேலே பாறை இடுக்கில் ஒரு ஊற்று இருந்தது. அதைச் சுற்றித் தொட்டி கட்டி, பக்கத்தில் மணல் வடிகட்டி அமைத்து, குழாய் போட்டு வாசல்வரை இறக்க வேண்டும். லயத்து ஆண்கள் முன்பே பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். மீதிக்கு எங்களுக்குப் பத்து நாள்.

திருப்பூர்க்காரர்கள் எங்கே போனாலும் வெறுங்கையோடு போவதில்லை, பனியனோடு போவோம். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். நெஞ்சில் விழ வேண்டிய பிரிண்ட் வயிற்றில் விழுந்து ரிஜெக்ட் ஆன டீ ஷர்ட்டுகள் இரண்டு பை நிறைய வாங்கிக் கொடுத்தார். அப்பா கொடுத்தது பேனா. "தண்ணி வேலைக்குப் போறயே சாமி, இது இல்லாமப் போலாமா?" என்று தன் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அது கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த மாதிரி. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பெண்கள் நாங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொண்டோம். சாப்பாடு லயத்து வீடுகளில். எனக்குக் கிடைத்தது கீழ் லயத்தின் முதல் வீடு. அங்கே ஒரு அக்கா, முப்பது வயதுக்குள் இருப்பார். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். அக்கா காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கார்மென்ட்டில் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவர் என்பது எனக்கு முதலில் தெரியாது. டீ ஷர்ட்டை நீட்டினேன். வாங்கியவர் உட்புறத்தைத் திருப்பி, தோள் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, "இங்க ஸ்டிச் விட்டிருக்கு தங்கச்சி" என்றார். கடல் தாண்டி வந்து அம்மாவிடமே மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த நிமிஷத்திலேயே அவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

நான் பேசுவது அவருக்குச் சிரிப்பு. "உங்க ஊருல ஆட்டுக்குட்டியக்கூட வாங்க, போங்கன்னுதான் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க்கா" என்றேன். அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அதிலிருந்து ரொட்டி கேட்டால், "இந்தாங்க தங்கச்சிங்க, ரொட்டிங்க" என்றுதான் தட்டில் வைப்பார்.

ஒன்றரை வயதில் ஒரு மகள். யார் இடுப்பு காலியாக இருந்தாலும் ஏறிக்கொள்கிற குழந்தை. முந்தின மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைப்பாளா என்ற நிலையிலிருந்து மீண்டவள். "ஒத்தப் புள்ள தங்கச்சி. கையில பிடிச்சு வச்சிருக்கேன்" என்றார் அக்கா. அதன்பிறகு கொதித்து ஆறின தண்ணீரைத் தவிர வேறெதையும் அவள் வாயருகே கொண்டுபோனதில்லை. அதற்காக நாள் முழுக்கக் கொழுந்து பறித்த பிறகும் சரிவில் ஏறி விறகு சேர்த்து, தலையில் கட்டி இறக்கிக்கொண்டு வருவார். ஈர விறகு. புகையில் கண் சிவந்துபோய் உட்கார்ந்திருப்பார். எனக்குப் பார்க்கப் பாவமாக இருக்கும். எப்போதடா இந்தத் தண்ணீர் வேலையை முடித்து இவரை அடுப்படியிலிருந்து எழுப்புவோம் என்றிருந்தது.

மேடம் முதல் நாளே ஒரு கட்டளை போட்டிருந்தார். எங்களிடம் சோதனைப் பாட்டில்கள் ஒரு பெட்டி இருந்தன. உள்ளே மருந்து தடவிய காகிதம் இருக்கும். தண்ணீரை ஊற்றி இரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், கிருமி இருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். "பாட்டில் சொல்றதுக்கு முன்னாடி தண்ணி நல்லாருக்குன்னு ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது" என்றார் மேடம். எட்டுப் பேரும் தலையாட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே ஆட்டியதாக ஞாபகம்.

ஆறாம் நாள் மத்தியானம் முதல் குழாயில் தண்ணீர் வந்தது. வாசல்களுக்குப் போகும் குழாய்கள் இன்னும் பாக்கி. மேடம் ஒரு வால்வு வாங்க டவுனுக்குப் போயிருந்தார். முதலில் காற்று சீறியது, பிறகு செம்மண்ணாகக் கக்கியது, பிறகு தெளிந்து கொட்டத் தொடங்கியது. இரண்டு லயமும் கூடிவிட்டது. கொழுந்துக் கூடையோடு நேராக வந்தவர்களும் இருந்தார்கள். யாரோ, "குடிக்கலாமா?" என்று கேட்டார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நான் பேனாவை எடுத்தேன். டம்ளரில் பிடித்து நட்டேன். முப்பத்தொன்று. லாரித் தண்ணீரில் முந்நூறு காட்டினாலே அப்பா அன்றைக்கு நல்ல நாள் என்பார். இங்கே பாறையிலிருந்து முப்பத்தொன்று சும்மா கொட்டுகிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது அந்த இடத்தில்தான். பேனாவை உயர்த்திக் காட்டி, "முப்பத்தொண்ணுங்க! இதுக்கு மேல சுத்தமான தண்ணி ஒலகத்துல இல்லீங்க!" என்று கத்தினேன். அந்த டம்ளரை அப்படியே மடக் மடக்கென்று குடித்தும் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மகள் இடுப்பில். "தங்கச்சி, அப்ப புள்ளைக்குக் கொதிக்க வைக்க வேணாமா?" என்று கேட்டார்.

கேட்டவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று எனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். அந்த விறகுக் கட்டு என் கண்ணில் நின்றது. "வேண்டாங்க்கா. எங்க ஊருல இந்தத் தண்ணி கெடச்சா அதுக்குக் கோயிலே கட்டிருவாங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இன்றைக்கு வரை அந்த முகத்தை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வரும்.

மேடம் திரும்பி வந்ததும் வழக்கம்போல ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். மலைக் குளிருக்கு வெதுவெதுப்பு எங்கே தேடுவது? வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போக அங்கே ஒரு இடம் உண்டு. பிள்ளைக் காம்பரா என்பார்கள். அங்கே பால் காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு டீ ஷர்ட்டைச் சுற்றி அதை வைத்தோம். நான் கத்தியதை மேடத்திடம் யாரும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல வேண்டிய விஷயமாகத் தெரியவில்லை. பேனா சொன்னதைத்தானே பாட்டிலும் சொல்லப்போகிறது என்றிருந்தேன்.

எட்டாம் நாள் விடிகிற நேரம் மேடம் எங்களை எழுப்பினார். பாட்டிலைக் கையில் வைத்திருந்தார். கறுப்புச் சாயம் இறக்கிய தொட்டித் தண்ணீர் போல ஒரே கறுப்பு. மணல் வடிகட்டி பழகிக் கிருமியைப் பிடிக்கத் தொடங்குவதற்கே சில வாரம் ஆகும், அதுவரை கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், இது எதிர்பார்த்ததுதான் என்று மேடம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். உப்பைக் காட்டுகிற பேனாவுக்குக் கிருமி தெரியாது. இது பாடத்தில் இருந்தது. பரீட்சையில் நான் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

"நான் குடிக்கலாம்னு சொல்லிட்டனுங்க மேடம்" என்றேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை.

கூட வந்த பையன் ஒருவன் நல்ல எண்ணத்தோடு, "கோயில் மைக்குல சொல்லிரலாங்க, ரெண்டு நிமிஷத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்றான். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மைக்கில் பேசினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஆனால் அம்மாவின் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. செக்கிங்கில் தப்புப் பிடித்த பீஸை ஆல்ட்டர் என்பார்கள். அதை யார் தைத்தாரோ அவர் மெஷினில்தான் திரும்பக் கொண்டுபோய் வைப்பார்கள். பக்கத்து டெய்லர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவரிடம் கொடுக்க மாட்டார்கள். தைத்தவரேதான் பிரிக்க வேண்டும், தைத்தவரேதான் சரி செய்ய வேண்டும். அம்மாவின் பெண்ணாக இருந்துகொண்டு மைக்கைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவனை மைக்கில் சொல்லச் சொல்லிவிட்டு, நான் வீடு வீடாகப் போகிறேன் என்று கிளம்பினேன்.

கிளம்பினதெல்லாம் சரி. பள்ளிக்கூடத்திலிருந்து புறப்பட்டால் முதலில் வருவது அக்கா வீடுதான். உள்ளே லைட் எரிந்தது. கதவுக்கு முன்னால் வந்ததும் என் கால் தானாக வேகமெடுத்தது. மேல் லயத்திலிருந்து தொடங்கலாம், கடைசியாக இங்கே வரலாம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு தாண்டிப் போய்விட்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

மேல் லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நான் சொன்னது தப்புங்க, கொதிக்க வச்சுக் குடிங்க" என்றேன். சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "நாங்க எப்பவும் பச்சத் தண்ணிதாம்மா குடிக்கிறோம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். என் வயிறு வேறு அப்போதே கடமுடா என்று கலங்கத் தொடங்கியிருந்தது. நான் குடித்த டம்ளர் சும்மா விடுமா? ஒருவழியாகக் கீழ் லயத்துக்கு இறங்கி வந்தபோது அக்கா வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "ராத்திரியிலேர்ந்து புள்ளைக்கு வயித்தால போகுது. விடிஞ்சதுமே தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாங்க" என்றார்.

தேயிலைச் சரிவில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தை கட்டிலில் துவண்டு கிடந்தது. கண் குழிவிழுந்து, கையில் ஊசி குத்தி சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. இடுப்பைக் கண்டால் ஏறுகிற குழந்தை என்னைப் பார்த்தது, அசையவில்லை. நான் அக்காவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் சொன்னதுனாலதானுங்க்கா" என்றேன்.

"இருக்கட்டும் தங்கச்சி. வேணும்னா செஞ்சீங்க?" என்றார் அக்கா. என் முகத்தைப் பார்த்து, "நீங்களும் குடிச்சீங்களே, வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எழுந்துபோய், நர்ஸிடம் வாங்கிய உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "பைப்பு வேலைய முடிச்சிட்டுத்தானே போவீங்க?"

"முடிச்சிட்டுத்தானுங்க்கா போவோம்" என்றேன். இப்படியும் ஒரு மனுஷி உண்டா, இந்த நேரத்திலும் ஊருக்குத் தண்ணீர் வர வேண்டும் என்று நினைக்கிறாரே என்று உருகிப்போனேன்.

அன்றைக்கு முழுக்க அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம். கக்கினாள், மறுபடி கொடுத்தோம். சாயங்காலம் என் விரலைக் கடித்தாள். முன்பற்கள் நான்கும் பதிந்தன. நர்ஸ், "கடிக்கிறாளா? அப்ப சரியாயிருவா" என்றார். நானும் அக்காவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம்.

கிளம்பும்போது மீதிப் பாட்டில்களை அக்காவிடமே ஒப்படைத்தார் மேடம். அக்கா ஒரு தேயிலைப் பொட்டலத்தை என் பைக்குள் திணித்து, "நல்லா கொதிக்க வச்சுப் போடுங்க தங்கச்சிங்க" என்றார். சிரித்தேன். வலிக்கவும் செய்தது.

ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளையோட அம்மா உன்னைய என்ன சொல்லுச்சு?" என்றார்.

"ஒண்ணும் சொல்லலீங்கம்மா. அவங்களுக்குப் பெரிய மனசு."

"ஒண்ணுமேவா?" அம்மா நம்பவில்லை. "செக்கிங்ல ஒண்ணும் சொல்லாமப் பீஸைப் பாஸ் போட்டு உட்டாங்கன்னா எனக்குப் பயமா இருக்குங் கண்ணு. மனசுல என்னமோ வச்சிருக்காங்கன்னு அர்த்தம்." அம்மாவுக்கு எதையும் பாஸ் போட மனசு வராது என்று நான் விட்டுவிட்டேன்.

அக்கா மாதம் ஒருமுறை பாட்டிலை வைத்துப் பார்த்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவார். முதல் மாதம் கறுப்பு. அடுத்த மாதம் பழுப்பு. மூன்றாம் மாதம் தெளிவாக இருந்தது. போட்டோவைப் பார்த்து வகுப்பிலேயே எழுந்து நின்றுவிட்டேன். "இப்ப நேரடியாக் குடிக்கலாங்க்கா" என்று எழுத விரல் போனது. எழுதவில்லை. "மேடத்துக்கு அனுப்புங்க்கா" என்று எழுதினேன்.

எட்டு வருடம் ஆகிறது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துக் கப்பைக் காட்டுகிறாள். நானும் ஒரு சாயப்பட்டறை லேபில் தண்ணீரோடுதான் பிழைக்கிறேன். இந்த வருடம் எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு ஆறு மாதம் முடிந்து தண்ணீர் கொடுக்கத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா வீட்டிலிருந்து அக்காவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அப்பா புதிதாக மாட்டிய ஃபில்டரில் தண்ணீர் பிடித்துப் பேனாவை நட்டார். "கண்ணு, முப்பதுதான் காட்டுது! பாப்பாவுக்கு அப்படியே குடு" என்று சந்தோஷமாகச் சத்தம் போட்டார்.

போனில் அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அதே பேனாவா தங்கச்சி?"

"ஆமாங்க்கா."

அக்கா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு, "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் ஏன் உங்களத் திட்டல தெரியுமா?" என்று கேட்டார்.

"உங்களுக்குப் பெரிய மனசுங்க்கா."

"மனசாவது மண்ணாவது. அறையணும்னு கை துடிச்சிச்சு. திட்டினா கோவிச்சுக்கிட்டு எல்லாரும் கெளம்பிருவீங்க, பைப்பு பாதியில நின்னுரும், லயமே என்னைத்தான் ஏசும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். எம் புள்ள சேலைனோட கெடக்கா, நான் உங்களுக்குத் தண்ணி கலக்கிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அன்னைக்குக் காலையில எங்க வாசலத் தாண்டிப் போனீங்களே, அதையும் பாத்தேன். புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடத் தொணைக்கு ஒரு ஆள் வேணும்னு கதவத் தெறந்தேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

நான் மடியில் இருந்த மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எட்டு வருடமாக மன்னித்துவிட்டார் என்று நினைத்து நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறேன். அவர் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், எனக்கு. உதவி செய்ய வந்தவளைத் திட்ட முடியாதல்லவா? அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

"இப்பத் திட்டுங்க்கா" என்றேன்.

"இப்பவா?"

"ஆமாங்க்கா. இப்பப் பைப்பு வேலை ஒண்ணும் பாக்கி இல்லீங்களே."

ஒரு மூச்சு இழுத்தார். பிறகு ஆரம்பித்தார். படித்த படிப்பில் தொடங்கினார், என் வாய்க்கு வந்தார், அந்தப் பேனாவுக்கு வந்தார். பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கிறாயே, உனக்கு ஒரு தடவை பட்டது போதாதா, அறிவிருக்கிறதா உனக்கு, நீயெல்லாம் ஒரு தாயா என்று போய்க்கொண்டே இருந்தது. அவர் என்னை நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணீர் கொட்டியது, கூடவே சிரிப்பும் வந்தது. அவரும் அழுதுகொண்டுதான் திட்டினார்.

அப்பா பேனாவைத் துடைத்து மூடி, சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்துப் பற்றவைத்தார். அது கொதித்து இறக்கிய பிறகும் அக்கா திட்டி முடிக்கவில்லை.